மலருக்கு எந்தக் காகிதம்? பெங்களூரில் போட்ட ஒரு கணக்கு

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஆண்டுதோறும் இரண்டு காரியங்களுக்குக் காகிதம் தேவைப்படுகிறது. ஒன்று, பொங்கலையொட்டி வெளியிடும் ஆண்டு மலர். மற்றொன்று, அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் தமிழ் வகுப்புக்கான நோட்டுப் புத்தகங்கள். இதுவரை அச்சகத்தார் எதைக் கொடுத்தாரோ அதில் அச்சிட்டோம். இந்த ஆண்டு செயற்குழுவில் ஒருவர், "மரம் வெட்டாத காகிதத்தில்தான் மலர் வர வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவந்தார். கைதட்டலோடு நிறைவேறியது. அது எந்தக் காகிதம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. விசாரித்து எழுதித் தரும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. அந்தக் குறிப்பைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். சிறிய அளவில் இதழோ மலரோ அச்சிடும் மற்றவர்களுக்கும் உதவலாம்.

தீர்மானத்தின் வாசகத்திலேயே எனக்கு ஒரு தகராறு உண்டு. மரம் வெட்டுவதே பாவம் என்று வைத்துக்கொண்டால் இந்த ஒப்பீடு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். வெட்டி விற்பதற்கென்றே விவசாயி தன் வயலில் வளர்க்கும் சவுக்கையும், காட்டில் தானாக முளைத்த மூங்கிலையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கரும்புச் சக்கைக் காகிதத்துக்கு மரம் வேண்டாம், ஆனால் கரும்புக்குத் தண்ணீர் வேண்டும். பழைய காகிதத்தை அரைத்துச் செய்தால் இரண்டுமே குறைவாகப் போதும், ஆனால் அந்தப் பழைய காகிதமும் ஒரு காலத்தில் மரமாக நின்றதுதான். ஆகவே நான் எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டேன். இந்த நார் யாருடைய நிலத்திலிருந்து வந்தது, அந்த நிலத்துக்கும் நீருக்கும் என்ன ஆனது? நாம் அச்சிடும் பொருள் எத்தனை காலம் இருக்கப்போகிறது?

மரக்கூழ்: வெட்டுவதில் எத்தனை விதம்

தென்னிந்தியாவில் காகிதத்துக்கான மரம் என்றால் பெரும்பாலும் தைல மரம், சவுக்கு, சுபாபுல். மரத்தில் ஏறக்குறைய பாதிதான் காகிதத்துக்கு உதவும் நார். மீதியில் பெரும் பங்கு, நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள். மரச்சில்லுகளைக் காரக் கரைசலில் வேகவைத்து அதைக் கரைத்து எடுக்கிறார்கள். அப்போது வடியும் கறுப்புத் திரவத்தைச் சுண்டவைத்து எரித்தால் ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் கிடைக்கின்றன, போட்ட ரசாயனத்தில் பெரும்பகுதியும் திரும்ப வந்துவிடுகிறது. அப்படி மீட்டெடுக்கும் வசதி இல்லாத ஆலையில் அந்தத் திரவம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. லிக்னினை எடுக்காமல் மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது செய்தித்தாள் காகிதம். நான்கு நாள் வெயிலில் கிடந்தால் அது மஞ்சளடிப்பதற்கு அந்த லிக்னினே காரணம். பத்து ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் படிக்க வேண்டிய மலருக்கு அது ஆகாது.

பெங்களூர்க்காரருக்குத் தைல மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1790 வாக்கில் நந்தி மலையில் திப்பு சுல்தான் வைத்த தோட்டத்தில்தான் இந்த மரம் இந்தியாவில் முதன்முதலில் வேர்விட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கோலார் தங்கவயலில் சொந்தக்காரர்கள் உள்ள நம்மவர்கள், போகிற வழியெல்லாம் மெலிந்து உயர்ந்த அந்த மரங்களின் வரிசையைப் பார்த்தபடியே போயிருப்பார்கள். 1980களின் சமூகக் காடு வளர்ப்புத் திட்டக் காலத்தில், கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில் வந்தவை அவை. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆடு மாடு கடிக்காத மரம், களையெடுக்க ஆள் தேடத் தேவையில்லை, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். நிலத்தடி நீரைக் காரணம் காட்டி, 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடுவதற்குத் தடை விதித்தது.

அரசுக்கு முன்பே மக்கள் தங்கள் தீர்ப்பைச் சொல்லியிருந்தார்கள். 1987 நவம்பரில், அன்றைய தார்வாட் மாவட்டத்தின் குசனூரில், ஊர்ப் பொது நிலத்தில் ஓர் ஆலைக்கென்று நட்டிருந்த தைலக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டு, ஊருக்குப் பயன்படும் கன்றுகளை நட்டார்கள். 'கித்திகோ ஹச்சிகோ', அதாவது 'பிடுங்கு, நடு' சத்தியாகிரகம் என்று அதற்குப் பெயர். அந்த மரம் போகவிருந்தது செயற்கை இழை ஆலைக்கு, காகித ஆலைக்கு அல்ல. ஆனாலும் மேய்ச்சல் நிலத்தை இழந்தவருக்குக் கூழ் எந்த ஆலைக்குப் போனால் என்ன?

காட்டிலிருந்து எடுப்பதில் உள்ள சிக்கலுக்கு இதைவிட நல்ல பாடம் காளி ஆற்றங்கரைத் தண்டேலியின் மூங்கில். 1950களில் அங்கே காகித ஆலை அமைந்தபோது உத்தர கன்னடக் காடுகளின் மூங்கில் வற்றாத செல்வம் என்று நம்பினார்கள். சில ஆண்டுகளிலேயே அது குறைய ஆரம்பித்தது. 1970களில் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சூழலியலாளர் மாதவ் காட்கில் குழுவினர் காரணத்தைத் தேடிப் போனார்கள். மூங்கில் புதரின் அடியில் முட்கிளைகள் பின்னிக்கிடக்கும். அவற்றை அகற்றினால் புதர் காற்றோட்டமாக வளரும் என்று வனத்துறை கருதியது. புதர் சுத்தமானது. மழைக்கு முளைத்த இளங்குருத்துகளைக் கால்நடைகளும் குரங்குகளும் வந்து தின்றன. அந்த முள்தான் குருத்துக்கு வேலி என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. முறைப்படி எடுத்தால் மூங்கில் நல்ல காகித நார்தான், நீளமான நார். முற்றிய கழிகளை மட்டும் வெட்டி, இளங்கழிகளையும் புதரின் வெளிவட்டத்தையும் விட்டுவைத்தால் ஆண்டுதோறும் எடுக்கலாம். ஆலையின் பசி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை, அவ்வளவுதான்.

1988 தேசிய வனக் கொள்கை இதற்கு ஒரு வழி சொன்னது: தொழிற்சாலைகள் காட்டை நம்பியிருக்காமல், மரம் வளர்க்கும் விவசாயிகளோடு நேரடி உறவு வைத்துக்கொண்டு தங்களுக்கான மூலப்பொருளைத் தேடிக்கொள்ள வேண்டும். இன்று பெரிய ஆலைகள் நாற்று கொடுப்பதும் வயலிலிருந்தே மரத்தை வாங்குவதும் இதன் தொடர்ச்சி. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்குப் பயிர் செய்யும் உறவினர் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. சவுக்கு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வேரில் சேர்க்கும், மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும், முன்பு கட்டடச் சாரத்துக்கும் விறகுக்கும் போனது இப்போது கூழுக்கும் போகிறது. வெட்டிய வயலில் அடுத்த பருவத்திலேயே மறுபடி கன்று வைக்கிறார்கள். என் கணக்கில் இது நெல்லறுப்பைப் போன்ற ஒரு அறுப்பு. காடழிப்பு என்று இதைச் சொல்வது அந்த விவசாயிக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் கடையில் கட்டி வைத்திருக்கும் ரீமைப் பார்த்து, இது கடலூர் வயலா, மலைநாட்டுச் சரிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காக வந்தவைதான் சான்று முத்திரைகள். 1993இல் தோன்றிய எஃப்எஸ்சி (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) அவற்றில் அதிகம் அறியப்பட்டது. அதில் மூன்று வகை உண்டு. '100%' என்றால் முழுவதும் சான்று பெற்ற காடு அல்லது தோட்டத்திலிருந்து வந்தது. 'ரீசைக்கிள்டு' என்றால் முழுவதும் மீட்டெடுத்த நார். கடைகளில் நாம் அதிகம் பார்க்கும் 'மிக்ஸ்' முத்திரை கலவையைக் குறிக்கிறது. அதில் சான்று பெறாத பங்கும் இருக்கலாம், அது சட்டவிரோதமாக வெட்டியது போன்ற ஒதுக்கப்பட்ட மூலங்களிலிருந்து வரவில்லை என்ற உறுதி மட்டும் உண்டு. சான்று பெற ஆகும் செலவும் பதிவேடுகளும் இரண்டு ஏக்கர் விவசாயிக்குத் தனியாகக் கட்டுப்படியாகாது. குழுவாகச் சேர்ந்தோ ஆலையின் வழியாகவோதான் பெற முடியும். ஆகவே முத்திரை இல்லாத மரம் எல்லாம் கெட்ட மரம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

எங்களைப் போன்ற சிறு குழுக்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தி: எஃப்எஸ்சி காகிதம் வாங்கிவிட்டதாலேயே மலரின் பின்னட்டையில் அந்த முத்திரையைப் போட முடியாது. காகிதம் கைமாறும் ஒவ்வொரு கட்டமும், அச்சகம் உட்பட, சான்று பெற்றிருக்க வேண்டும். இணையத்திலிருந்து அந்த மரச் சின்னத்தை எடுத்துப் பின்னட்டையில் ஒட்டிக்கொண்ட வெளியீடுகளைப் பார்த்திருக்கிறேன். எண்ணம் நல்லதுதான், ஆனால் அது பொய்ச் சான்று.

கரும்புச் சக்கை

தமிழ் படிப்பவர்கள் இந்தக் காகிதத்தை அறியாமலேயே எத்தனையோ முறை தொட்டிருப்பார்கள். தமிழ்நாடு அரசு 1979இல் தொடங்கிய டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) ஆலை, கரூருக்கு அருகே புகளூர்ப் பக்கம் காகிதபுரத்தில் இருக்கிறது. சாறு பிழிந்த சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு பெரிய அளவில் காகிதம் செய்வதில் உலக அளவில் பெயர் பெற்ற ஆலை அது. ஈரோட்டுப் பக்கம் பள்ளிபாளையத்தில் உள்ள சேஷசாயி காகித ஆலையும் அருகிலிருக்கும் சர்க்கரை ஆலையின் சக்கையைப் பயன்படுத்துகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் பண்டமாற்று. சர்க்கரை ஆலைக்குச் சக்கைதான் அடுப்பெரிக்கும் விறகு. அதை இலவசமாகக் கொடுத்துவிட்டால் கரும்புச் சாறு காய்ச்ச எதை எரிப்பது? அதனால் காகித ஆலை அதற்கு ஈடாக எரிபொருளோ நீராவியோ தருகிறது. வாங்கிய சக்கையை அப்படியே வேகவைக்கவும் முடியாது. கரும்பின் உள்ளே பஞ்சு போல இருக்கும் சோறு நாராகாது, ரசாயனத்தை மட்டும் குடித்துவிடும். அதை முதலில் பிரித்து எடுக்க வேண்டும். சக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவே. அரவைப் பருவம் சில மாதங்கள்தான், காகித ஆலையோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். எனவே சக்கையை மலை போலக் குவித்து, கெட்டுப்போகாமலும் தீப்பிடிக்காமலும் இருக்க நனைத்தே வைத்திருப்பார்கள். சக்கை கழுவிய நீரில் கரைந்திருக்கும் இனிப்பை நுண்ணுயிர்களுக்குக் கொடுத்து எரிவாயு எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் எரிபொருளாகப் பயன்படுத்தும் ஏற்பாடு காகிதபுரத்தில் உண்டு. சுத்திகரித்த கழிவுநீர் சுற்றுப்புற வயல்களுக்குப் பாசனமாகவும் போகிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சக்கை நார் குட்டையானது. சக்கைக் கூழை மட்டும் வைத்து வேகமாக ஓடும் இயந்திரத்தில் உறுதியான காகிதம் எடுப்பது கடினம் என்பதால், மரக்கூழையும் மையகற்றிய பழைய காகிதக் கூழையும் கலக்கிறார்கள். ஆகவே 'சக்கைக் காகிதம்' என்று வாங்கினாலும் அதில் ஒரு பங்கு மரம் இருக்கும். எங்கள் தீர்மானத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் இது தேறாது. இரண்டாவது, கரும்பு நீரைக் குடிக்கும் பயிர். கரூர் ஆலை நீர் எடுப்பது காவிரியில். மண்டியாவில் கரும்பு விளைவதும் காவிரியில். காவிரி என்ற சொல்லைப் பெங்களூரில் நாம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம், ஆகவே இதை நீட்டவில்லை. கரும்பு சர்க்கரைக்காகப் பயிரிடப்படுகிறது, காகிதத்துக்காக ஒருவரும் ஒரு கரணைகூட அதிகமாக நடுவதில்லை என்பதால் அந்த நீர்ச் செலவு முழுவதையும் காகிதத்தின் தலையில் எழுதுவது நியாயமில்லை என்பது என் கட்சி. மூன்றாவது, சக்கைக்கு இப்போது போட்டி அதிகம். சர்க்கரை ஆலைகளே அதை எரித்து மின்சாரம் விற்கின்றன, கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் தட்டுக்குப் பதிலாக வந்த சக்கைத் தட்டும் அதைக் கேட்கிறது.

"நாம் இருப்பது கர்நாடகத்தில், உள்ளூர்க் காகிதம் வாங்கினால் என்ன?" என்று எங்கள் பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1936இல் மைசூர் சமஸ்தானம் பத்ராவதியில் நிறுவிய காகித ஆலை இருந்தது. மரம், சக்கை இரண்டையும் பயன்படுத்தியது. பத்தாண்டுகளுக்கு முன்பே உற்பத்தி நின்றுவிட்டது. ஆலைக்கென்று மலைநாட்டில் வளர்த்த அக்கேசியா, தைலத் தோட்டங்களை மறுபடி இயற்கைக் காடாக விட வேண்டும் என்ற போராட்டம் மட்டும் தொடர்ந்தது.

பழைய காகிதத்திலிருந்து புதிய காகிதம்

இந்தியாவில் உற்பத்தியாகும் காகிதத்தில் பெரும்பங்கு ஏற்கெனவே பழைய காகிதத்திலிருந்துதான் வருகிறது. ஆனால் அதில் மிகுதி அட்டைப்பெட்டிக்கான பழுப்புக் காகிதம். எழுதவும் அச்சிடவும் ஏற்ற வெள்ளைக் காகிதம் என்று வரும்போது கதை மாறுகிறது. பழைய தாளைக் கரைத்து, கூழுக்குள் காற்றுக் குமிழிகளைச் செலுத்தினால் மை குமிழியோடு ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும், அதை வழித்து எடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நார் உடைந்து குட்டையாகும். ஐந்து முதல் ஏழு சுற்றுக்குப் பிறகு அது காகிதமாக நிற்காது. அதனால் உலகம் முழுவதும் மறுசுழற்சிக்கு மாறினாலும் எங்கோ ஒரு மூலையில் புதிய நார் உள்ளே வந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

பெங்களூரில் குப்பையை மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லும் முறை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. உலர்குப்பை மையங்களிலும், பழைய பொருள் வாங்கும் குஜரிக் கடைகளிலும் காகிதத்தைத் தரம் பிரிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் மறுசுழற்சி பற்றிய பிரசங்கம் பாதி தேவைப்படாது. வெள்ளைத் தாள் ஒரு பக்கம், செய்தித்தாள் ஒரு பக்கம், பெட்டி அட்டை ஒரு பக்கம் போகும். கல்யாணப் பத்திரிகையை எடுத்து ஓரத்தில் கிழித்துப் பார்ப்பார்கள். கிழிசலில் பிளாஸ்டிக் படலம் நூலாக இழுபட்டால் அது காகிதக் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். எங்கள் மலரின் அட்டையை அதே மாதிரி கிழித்துப் பார்த்தேன். இழுபட்டது. தொட்டால் மென்மையாக இருக்க வேண்டும் என்று அட்டை வடிவமைக்கும் தம்பி ஆசைப்பட்டுப் போட்ட மேட் லேமினேஷன் அது. உள்ளே எந்தப் புண்ணியக் காகிதம் போட்டாலும் அட்டையைக் குப்பைக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ் பூசினாலே அழுக்குப் பிடிக்காமல் ஓரளவு காக்கும்.

மறுசுழற்சிக் காகிதத்தின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. உள்நாட்டில் திரட்டும் பழைய காகிதம் போதாமல் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கப்பலில் இறக்குமதி செய்கிறோம். அதோடு கலந்து வரும் பிளாஸ்டிக் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் போன்ற காகித ஆலைப் பகுதிகளில் எரிபொருளாகப் போவது பலமுறை செய்தியாகியிருக்கிறது. மறுசுழற்சி என்ற ஒரே சொல்லுக்குள் ஒழுங்கான ஆலையும் இருக்கிறது, புகைபோக்கியில் கறுப்புப் புகை விடும் ஆலையும் இருக்கிறது.

விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இது யாரோ படித்துவிட்டுப் போட்ட காகிதமா, அச்சகத்தின் வெட்டுத் துண்டா? இரண்டும் மறுசுழற்சிக் கணக்கில்தான் சேரும். முன்னது குப்பைமேட்டிலிருந்து மீண்டது. பின்னது எப்படியும் மறுபடி ஆலைக்குப் போயிருக்கக்கூடிய சுத்தமான தாள். ஒரு கடையில் பசுமை இலை படம் போட்ட ரீமைக் காட்டி "முழுக்க ரீசைக்கிள்" என்றார்கள். எந்த ஆலை என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யார் சார் கேட்கிறார்கள்?" என்பதுதான் பதில்.

கைக்காகிதமும் கல் காகிதமும்

கைக்காகிதத்தை விரும்பும் உறுப்பினர்கள் எங்கள் வட்டத்தில் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். தஞ்சையில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கிராமத் தொழில்களோடு சேர்த்துப் பரப்பியது இதை; ஜெய்ப்பூர் அருகே சங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. திருப்பூர் போன்ற ஊர்களில் விழும் பனியன் துணிக் கழிவே இதற்கு நல்ல மூலப்பொருள். பருத்தியில் லிக்னின் கிட்டத்தட்ட இல்லை, நார் நீளம், நூறு ஆண்டுகள் தாங்கும். மரக்கூழில் லிக்னினை விரட்ட ஆகும் ரசாயனமும் இங்கே வேண்டாம். ஆனால் தாள் தாளாக எடுப்பதால் தடிமன் சீராக இருக்காது, ஆஃப்செட் இயந்திரத்தில் தகராறு செய்யும், விலையோ சாதாரணக் காகிதத்தைப் போலப் பல மடங்கு. 120 பக்க மலரை அதில் அச்சிட்டால் நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு கமர்ஷியல் தெருவில் நிற்க வேண்டியதுதான். அட்டைக்கோ, ஆண்டு விழா அழைப்பிதழுக்கோ, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பொருந்தும்.

கல் காகிதம் என்று ஒன்றையும் ஒருவர் பரிந்துரைத்தார். மரமே இல்லை, நனைந்தால் கிழியாது. பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் மாவு, மீதி பாலிஎத்திலீன். பிளாஸ்டிக்கை வேறு பெயரில் வாங்க வேண்டுமானால் வாங்கலாம்.

காகிதத்தை விட அளவு முக்கியம்

தேடலில் எனக்கே வியப்பாக இருந்தது இந்தப் பகுதி. இந்த ஆண்டு மலரைச் சதுர வடிவில், 8½ அங்குலத்துக்கு 8½ அங்குலமாகக் கொண்டுவர யோசனை இருந்தது. அழகுதான். ஆனால் 23×36 அங்குலத் தாளில் ஓரம் வெட்ட இடம் விட்டு அடுக்கினால் அந்த அளவில் எட்டு இதழ்களே (ஓர் இதழுக்கு இரண்டு பக்கம்) கிடைக்கும். தாளின் 100 பங்கில் 70 பங்குதான் மலருக்கு, 30 பங்கு வெட்டுத் துண்டாக விழும். மாறாக 20×30 கிரவுன் தாளை எட்டாக மடித்தால், ஓரம் வெட்டிய பிறகு 7¼×9½ அளவில் அதே எட்டு இதழ்கள். இதில் 92 பங்கு பயன்படுகிறது.

எடையாகப் பார்த்தால் இன்னும் உறைக்கும். 120 பக்கம், 500 பிரதி, 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) காகிதம். கிரவுன் அளவில் உள்பக்கங்களுக்கு ஏறக்குறைய 102 கிலோ காகிதம் போதும். சதுர அளவுக்கு 140 கிலோ வாங்க வேண்டும். பக்கம் பெரிதாவது 5 சதவீதம், காகிதம் கூடுவது 38 சதவீதம். எந்த முத்திரைக் காகிதமும் இந்த 38 கிலோவை ஈடுகட்டாது. வேடிக்கை என்னவென்றால், நாம் இப்படி வீணாக்கிய துண்டுகள்தான் ஆலைக்குத் திரும்பிப் போய், இன்னொருவரின் நோட்டில் மறுசுழற்சி முத்திரையாக வந்து உட்காரும்.

70 ஜிஎஸ்எம்மை 60 ஆக்கினால் இன்னும் ஏழில் ஒரு பங்கு குறையும். மலரில் படங்கள் நிறைய என்பதால் பின்பக்கத்து மை முன்பக்கம் தெரியும். அதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. படமே இல்லாத கவிதைத் தொகுப்பு என்றால் தாராளமாகக் குறைக்கலாம். அதைவிட எளிய சிக்கனம் பிரதிகளைக் குறைப்பது. விழா மேடையில் கட்டுக்கட்டாக அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ள 500 பிரதி வசதியாக இருக்கிறது. அதற்குப் பிறகு மீந்த கட்டுகள் செயலாளர் வீட்டுப் பரணில் கரப்பான்பூச்சிக்குப் புகலிடமாகக் கிடக்கின்றன. முன்பதிவு வாங்கிவிட்டு 350 அச்சிட்டாலே 30 கிலோ காகிதம் மிச்சம்.

செயற்குழுவுக்கு என் பரிந்துரை

மலரின் உள்பக்கங்களுக்கு, சக்கைக் கூழ் முதன்மையாக உள்ள 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (மேற்பூச்சு இல்லாத அச்சுக் காகிதம்), இளமஞ்சள் கலந்த நேச்சுரல் ஷேடில். பளீர் வெண்மை வேண்டாம். அந்த வெண்மைக்காகக் கூடுதலாக வெளுக்கவும் ஒளிரூட்டும் சாயம் சேர்க்கவும் வேண்டியிருக்கிறது, படிக்கும் கண்ணுக்கும் அது நல்லதல்ல. வெளுப்பதில் குளோரின் வாயுவைத் தவிர்த்து, குளோரின் டையாக்சைடு பயன்படுத்தும் ஆலையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னதன் கழிவில் டையாக்சின் போன்ற நஞ்சுகள் அதிகம் உருவாகும். சக்கைக் காகிதம் கிடைக்கவில்லை என்றால் விவசாயிகளின் வயல் மரத்தைக் கொண்டு செய்த, எஃப்எஸ்சி சான்றுள்ள காகிதம். இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருப்பதாக நான் கருதவில்லை. சக்கைக்கு முதலிடம் கொடுப்பது, எப்படியும் விளைந்துவிட்ட பயிரின் மிச்சம் அது என்பதற்காக. அட்டைக்கு மறுசுழற்சி அட்டை, லேமினேஷன் இல்லாமல். வடிவமைப்புத் தம்பிக்கு வருத்தம்தான், முதல் 50 பிரதிகளுக்குக் கைக்காகித அட்டை என்று சொல்லிச் சமாதானம் செய்திருக்கிறோம்.

நோட்டுப் புத்தகங்களுக்கு மறுசுழற்சிக் காகிதம். ஓராண்டில் எழுதி முடித்துப் பழைய பேப்பருக்குப் போகப்போகிற பொருளுக்கு நீண்ட ஆயுள் தேவையில்லை. ஒரே நிபந்தனை: மொத்தமாக வாங்கும் முன் மாதிரித் தாளில் ஜெல் பேனாவால் நான்கு வரி எழுதிப் பார்க்க வேண்டும். மை ஊறிப் பரவினால் 'ன'வும் 'ண'வும் பிள்ளைகளின் கையெழுத்தில் ஒன்றாகிவிடும், வகுப்பு ஆசிரியை என்னைச் சும்மா விடமாட்டார். பரவினால் அந்தக் காகிதத்தை விட்டுவிட்டு மலரின் காகிதத்திலேயே நோட்டும் தைத்துவிடலாம்.

பொருளாளரின் எதிர்ப்பையும் பதிவு செய்கிறேன். சக்கைக் காகிதத்துக்கும் இப்போது வாங்குவதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். சிறிய அளவில் வாங்கும் மறுசுழற்சி வெள்ளைக் காகிதம் மலிவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர், அப்படி இல்லை என்றதும் முகம் சுளித்தார். கிரவுன் அளவில் மிச்சமாகும் பணத்தில் அதைச் சரிக்கட்டலாம் என்று கணக்குத் தாளை நீட்டியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

தீர்மானத்தின் வாசகத்தை, 'மரம் வெட்டாத காகிதம்' என்பதற்குப் பதிலாக 'மூலம் சொல்லப்பட்ட காகிதம்' என்று திருத்தக் கேட்டிருக்கிறேன். சுல்தான்பேட்டைக் காகிதக் கடைகளுக்குப் போகும் உறுப்பினர்கள் கையில் எடுத்துச் செல்லக் கேள்விகள் நான்கு: எந்த ஆலை? கூழில் எது எவ்வளவு பங்கு? சான்று இருந்தால் அதன் எண் பில்லில் வருமா? கிரவுன் 20×30 தாளாகக் கிடைக்குமா, பெரிய தாளை வெட்டித்தான் தருவார்களா? வெட்டித் தருவதாக இருந்தால் துண்டுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குவார்கள், அதைப் பில் போடும் முன்பே பேசிவிட வேண்டும். கன்னடத்தில் கேட்டால் கூடுதலாக ஒரு மாதிரித் தாளும் கிடைக்கும்.